மார்லிஸ் நின்ற கோடு

“போடத் தெரியாத பொண்ணைக் கூட்டிட்டு வந்து என்ன பண்ணப் போறாங்க? அதை முதல்ல சொல்லு.”

“தெரியாம இல்ல. போட மாட்டேங்குறா. ரெண்டும் வேற வேற.”

“கூடையில விழலைன்னா ரெண்டும் ஒண்ணுதான்.”

“நீ அவ ஆடிப் பார்த்திருக்கியா? நான் பார்த்திருக்கேன். கொட்டுற பனியில வண்டிய ஓட்டிட்டுப் போய்ப் பார்த்தேன். எதிராளி பந்தைத் தட்டுறதுக்குள்ள இவ கை அங்க போய் நிக்குது. பூனை மாதிரி பொண்ணு.”

“எங்க வீட்டுப் பூனை கூடையிலயாவது போய்ப் படுக்கும்.”

“மெதுவாப் பேசுங்க. நமக்கு முன் வரிசையிலதான் அவளை உக்கார வைக்கப் போறாங்களாம்.”

கடைசியாகச் சொன்னது நான். சொன்னதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முன் வரிசையைப் பார்த்தார்கள். அங்கே மூன்று நாற்காலிகளில் அணியின் நீலத் துண்டுகளைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார்கள்.

பூனை வளர்ப்பவள் லவான். எல்க் ஃபோர்ட் ஊரில் முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாள். தன் முடியை மட்டும் கல்லூரியில் படித்த காலத்தில் எப்படி வைத்திருந்தாளோ அப்படியே வைத்திருக்கிறாள்; எங்கள் அயோவா மாநிலத்தின் காற்றுக்கு அசையாத முடி அது. பனியில் வண்டி ஓட்டியவர் டெல்பர்ட். ஒரு காலத்தில் சோள விதை விற்றார். இப்போது எதையும் விற்பதில்லை, சுற்றுவட்டாரத்துப் பள்ளிக்கூடங்களில் பெண்கள் கூடைப்பந்து ஆடும் இடமெல்லாம் போய் உட்கார்ந்து, எந்தப் பெண் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வருவாள் என்று கணக்குப் போடுவதே வேலை. அவர்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, பாப்கார்னை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் தின்றுகொண்டிருந்தவள் மார்லிஸ். முப்பது வருஷம் ஊர் முழுக்கத் தபால் கொடுத்தவள். எல்லோர் வீட்டு விஷயமும் தெரிந்ததாலோ என்னவோ, அதிகம் பேச மாட்டாள்.

நான் பிரிட்டா. கால்நடை மருத்துவமனையில் வேலை. வரிசையின் ஓரத்து நாற்காலி என் அம்மாவுடையது. அம்மா ஒரு பல் டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்டு அரிசோனாவுக்குப் போனபோது எனக்கு விட்டுப்போன சொத்து அது ஒன்றுதான். வெயிலை அவள் எடுத்துக்கொண்டாள், நாரைகளை எனக்குக் கொடுத்தாள்.

நாரைகள் என்றால் எங்கள் பெண்கள் அணி. பிப்ரவரி மாத ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் இந்த ஊரில் வேறு எங்கேயும் வெளிச்சம் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. வெளியே வானமும் நிலமும் ஒரே சாம்பல் நிறத்தில் கிடக்கும். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தால் மஞ்சள் மரத்தரை, ஈரக் கம்பளிக் கோட்டு வாசனை, வெண்ணெய் வாசனை, காலணிகள் தரையில் கீச்சிடும் சத்தம். புத்தகத்தில் வரும் தூர தேசம் ஒன்றுக்குள் நுழைந்ததுபோல் ஒவ்வொரு முறையும் எனக்கு இருக்கும். நுழைந்ததும் லவான் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பாள்.

“டீகன்னு பேராம்,” என்றாள் லவான். “பெரிய காலேஜ் எல்லாம் பார்த்துட்டு வேணாம்னு விட்டுட்டாங்க. ஏன் விட்டாங்க? அவங்க என்ன முட்டாளா?”

“ஆமா,” என்றார் டெல்பர்ட்.

“சரி, அவளை விடு. மார்லிஸ், இப்பச் சொல்லு. நீ இன்னிக்குக் கீழ வர்றியா, இல்லையா?”

மார்லிஸ் ஒரு பாப்கார்னை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். “முட்டி வலிக்குது.”

“முப்பது வருஷம் வீடு வீடா நடந்த முட்டி. ஞாயித்துக்கிழமை மட்டும் வலிக்குதா?”

“தபாலே ஞாயித்துக்கிழமை லீவுதானே.”

விஷயம் இதுதான். நாற்பது வருஷத்துக்கு முன்னால் நாரைகளை முதல்முறையாக நாடளவிலான போட்டிக்குக் கொண்டுபோன அணியை அன்று இடைவேளையில் தரைக்கு அழைத்துப் பாராட்டப் போகிறார்கள். லவானும் மார்லிஸும் அந்த அணியில் ஆடியவர்கள். மற்றவர்கள் ஓரிகானிலிருந்தும் டெக்சஸிலிருந்தும் வந்து காத்திருந்தார்கள். மார்லிஸைக் கூட்டிக்கொண்டு வருவதாக லவான் எல்லோரிடமும் வாக்குக் கொடுத்துவிட்டாள். ஆனால் மார்லிஸ், ஒரு ஆட்டம்கூடத் தவறவிடாமல் இதே நாற்காலியில் வந்து உட்காருகிறவள், கல்லூரியை முடித்துப் போனதிலிருந்து ஒரு தடவைகூட அந்த மரத்தரையில் கால் வைத்ததில்லை. பழைய ஆட்டக்காரிகளை அழைக்கும் நாள் வருஷா வருஷம் வரும். பெயர் சொல்லி அழைப்பார்கள். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் பாப்கார்னைத் தொடர்வாள்.

“வீட்ல வந்து தங்கியிருக்காங்க, மூணு பேர்,” என்றாள் லவான். “நேத்து ராத்திரி பூரா உன்னைப் பத்திதான் பேச்சு. இன்னொரு நாற்பது வருஷம் கழிச்சு வர்றேன்னு எவளும் சொல்லப் போறதில்ல.”

“அவங்களை எல்லாம் சாயங்காலம் உன் வீட்ல வந்து பார்க்கிறேன்.”

“வீட்ல பார்க்கிறது வேற, தரையில பார்க்கிறது வேற.”

“அதுக்குத்தான் வீட்லங்கிறேன்.”

ஏன் வரமாட்டாள் என்பதற்கு லவான் நூறு காரணம் வைத்திருந்தாள்: பிடிவாதம், கூச்சம், முட்டி, டச்சுக்கார ரத்தம். எனக்குத் தெரிந்த காரணம் வேறு. சின்ன வயதில் சிக்னலில் பச்சை விழுந்தும் நகராத காரைப் பார்த்தால் அம்மா, “பாரு, மார்லிஸ் பண்றான்” என்பாள். மார்லிஸ் என்பது ஒரு ஆளின் பெயர் என்று தெரிவதற்கு முன்பே அது என்ன என்று எனக்குத் தெரியும். ஒருவன் கல்யாணத்துக்கு முந்தைய நாள் தயங்கினால், ஒரு மாடு லாரியில் ஏறமாட்டேன் என்று நின்றால், எங்கள் ஊரில் அதற்கு அந்த ஒரு சொல்தான். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. பாசமாகத்தான் சொல்வார்கள். மைக் பிடிக்கும் ரஸ்ஸலும் ஒவ்வொரு வருஷமும் பாசமாகத்தான் அழைப்பார்: “அடுத்து, கோட்டுல நின்ன நம்ம மார்லிஸ்.” அரங்கம் முழுக்கச் சிரிக்கும். அந்த அணியில் அவளைப்போலப் பந்து பறித்தவள் வேறு யாருமில்லை. அதைச் சொல்லி யாரும் அவளை அழைத்ததில்லை.

ஆட்டம் தொடங்கப் போகும் நேரத்தில் அந்தப் பெண் வந்தாள். உதவிப் பயிற்சியாளர் முன்னே வர, பின்னால் உயரமாக, தோளைக் குறுக்கிக்கொண்டு டீகன். அவளுக்குப் பின்னால், கையில் தொப்பியை வைத்துத் திருகிக்கொண்டு அவள் அப்பா.

எங்கள் நான்கு பேர் முகமும் ஒரே சமயத்தில் கூரையைப் பார்த்தது.

கல்லூரியில் சேர யோசித்துக்கொண்டிருக்கும் ஆட்டக்காரியோடு ரசிகர்கள் பேசக் கூடாது. அவள் வீட்டாரோடும் பேசக் கூடாது. அது விதி. பேசினால் கல்லூரிக்கும் தண்டனை, சமயத்தில் அந்தப் பெண்ணுக்கும் தண்டனை. ஒவ்வொரு நவம்பரிலும் மிஸ் ஓடெல் என்ற விதிமுறை அதிகாரி எங்களையெல்லாம் ஒரு அறையில் உட்காரவைத்து இதைச் சொல்வாள். அவர்களாக ஹலோ சொன்னால் பதிலுக்கு ஒரு ஹலோ. அதற்கு மேல் ஒரு சொல் கூடாது. பரிசு கூடாது, தின்பண்டம் கூடாது. போன வருஷம் கார் நிறுத்துமிடத்தில் ஒரு பெண்ணின் அம்மா கீழே போட்ட கையுறையை எடுத்துக் கொடுத்த டெல்பர்ட், சும்மா இருக்காமல், “இந்த ஊர் உங்களுக்குப் பிடிக்கும்” என்று சொல்லித் தொலைத்துவிட்டார். மிஸ் ஓடெல் கூப்பிட்டு விசாரித்தாள். அதிலிருந்து அவர் தன்னைக் குற்றவாளி என்றுதான் அறிமுகப்படுத்திக்கொள்கிறார்.

“ஹலோ,” என்றாள் டீகன், எங்கள் பக்கம் திரும்பி.

“ஹலோ,” என்றோம் நான்கு பேரும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி. அத்தோடு வாயை மூடிக்கொண்டோம். அவள் கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். இந்த ஊரில் எல்லோரும் சிடுமூஞ்சிகள் என்று நினைத்திருப்பாள்.

ஆட்டம் தொடங்கியதும் நாங்கள் எழுந்து கைதட்ட ஆரம்பித்தோம். நாரைகள் முதல் கூடை போடும்வரை யாரும் உட்காரக் கூடாது; எங்கள் அரங்கத்தில் அப்படித்தான். ஒரே தாளத்தில் ஆயிரக்கணக்கான கைகள். நல்ல நாளில் அரை நிமிஷத்தில் உட்கார்ந்துவிடலாம். அன்று பந்து வளையத்தில் பட்டது, பலகையில் பட்டது, ஒரு தடவை எங்கள் பெண்ணின் தலையில்கூடப் பட்டது, கூடைக்குள் மட்டும் போகவில்லை.

“இந்தக் குழந்தைங்க நம்மளைக் கொல்லத்தான் பிறந்திருக்குதுங்க,” என்றாள் லவான், தட்டிக்கொண்டே.

“என் முட்டியை அடுத்த வாரம் மாத்தப் போறாங்க,” என்றார் டெல்பர்ட். “அதுவரைக்கும் நிக்க வைக்காதீங்கடா.”

டீகனும் எழுந்து நின்று தட்டினாள். எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் திரும்பித் திரும்பி எங்களைப் பார்த்தாள். சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. அவள் அப்பா நான்கு தடவை உட்காரப் போய் நான்கு தடவை எழுந்தார். கடைசியில் ஒரு ஒல்லிப் பெண் மூலையிலிருந்து எறிந்தது உள்ளே விழுந்தது. அரங்கமே பெருமூச்சோடு அமர்ந்தது. டீகன் ஒரு கணம் தனியாக நின்றாள். பிறகு புரிந்துபோய் உட்கார்ந்தாள். அவள் காது மடல் சிவந்திருந்தது. அப்போதே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

டெல்பர்ட் தன் வித்தையைத் தொடங்கினார். பேசத்தானே கூடாது? தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம் அல்லவா? அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, கோழிப் பண்ணையில் பேசுகிற குரலில் என்னிடம் சொன்னார்: “பிரிட்டா, இந்தக் காலேஜுல தடுத்து ஆடுற பொண்ணுங்களுக்கு எவ்வளவு மரியாதை, இல்ல?”

“ரொம்ப மரியாதை,” என்றேன் அதே குரலில்.

“கூடை போட ஆயிரம் பேர் இருக்காங்க. பந்தைப் பறிக்கத்தான் ஆள் இல்ல.”

பத்து நிமிஷத்துக்கு முன்னால் அதே பெண்ணைப் பூனையோடு ஒப்பிட்டு மட்டம் தட்டிய லவானுக்கு இப்போது விருந்தாளி பாசம் பொங்கிவிட்டது. அவள் எப்போதும் கொண்டுவரும் பழைய ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தாள். உள்ளே ஸ்காட்சரூ: பொரியையும் கடலை வெண்ணெயையும் பாகில் கலந்து, மேலே சாக்லேட் ஊற்றி வெட்டிய துண்டுகள். வாசனை முன் வரிசைக்குப் போனது. அந்த அப்பா மெதுவாகத் திரும்பி டப்பாவைப் பார்த்தார்.

“கூடாது,” என்றாள் மார்லிஸ், வாயை அசைக்காமல்.

“நான் ஒண்ணும் நீட்டலையே. திறந்து வச்சிருக்கேன்.”

“மூடு.”

லவான் மூடினாள். அந்தப் பெண்ணுக்கு எதையாவது கொடுக்க வேண்டும் என்று அவளுக்குக் கை துறுதுறுத்தது. தின்பண்டம் கொடுக்க முடியாது. அதனால் கதையைக் கொடுத்தாள்.

“பிரிட்டா, எங்க காலத்துல ஸ்கூல்ல பொண்ணுங்க எப்படி ஆடினோம் தெரியுமா?”

எனக்கு நூறு தடவை தெரியும். “தெரியாதே,” என்றேன்.

“ஒரு டீமுக்கு ஆறு பேர். மூணு பேர் இந்தப் பாதியில, மூணு பேர் அந்தப் பாதியில. நடுவுல கோடு. அதை யாரும் தாண்டக் கூடாது. இந்தப் பக்கம் நிக்கிறவளுக்குத் தடுக்கிறது மட்டும்தான் வேலை. அந்தப் பக்கம் நிக்கிறவளுக்குப் போடுறது மட்டும்தான். பொம்பளைப் பிள்ளைங்க முழு நீளம் ஓடினா உடம்பு தாங்காதுன்னு எவனோ உக்காந்து முடிவு பண்ணியிருக்கான்.”

“அதே பிள்ளைங்கதான் காலையில பன்னிக்குத் தீவன மூட்டை தூக்கிட்டு ஸ்கூலுக்கு வரும்,” என்றார் டெல்பர்ட்.

முன்னால் டீகனின் தோள்கள் ஆட்டத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்திருந்தன.

“நான் போடுறவ. இவ தடுக்கிறவ. நாலு வருஷம் ஒரே டீம். இவ பந்தைப் பறிப்பா, கோடு வரைக்கும் கொண்டு வருவா, கோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிற என்கிட்ட கொடுப்பா. நாலு வருஷத்துல இவ ஒரு தடவைகூடக் கூடையைப் பார்த்துப் பந்தைத் தூக்கினதில்ல. தூக்கவே கூடாது, அதான் சட்டம்.” லவான் குரலை இன்னும் உயர்த்தினாள். இப்போது பின் வரிசைக்காரர்களும் முன்னால் சாய்ந்தார்கள். “அப்புறம் ரெண்டு பேரும் இங்க வந்து சேர்ந்தோம். காலேஜுல அஞ்சு பேர். முழுத் தரையும் எல்லாருக்கும். முதல் மேட்ச். இதே அரங்கம். எதிர் டீம்காரி வர்றா, நம்ம மார்லிஸ் லபக்குன்னு பந்தைப் பறிச்சுட்டா. முன்னாடி ஒரு ஈ காக்கா இல்ல. ஓடுறா. ஜனம் மொத்தமும் எழுந்து நிக்குது. ஓடி வந்து…”

அவள் நிறுத்தினாள். எப்போதும் இங்கேதான் நிறுத்துவாள்.

“கோடு வந்துருச்சு. நின்னுட்டா. சுவத்துல போய் முட்டின மாதிரி. கட்டைவிரல் கோட்டு மேல படாம நிக்கிறா. கோச் ஓடு ஓடுன்னு கத்துறார். இவ அப்படியே, ரயில்வே கேட் போட்ட மாதிரி.”

பின் வரிசை சிரித்தது. டெல்பர்ட் சிரித்தார். டீகனும் சிரித்துவிட்டாள், மூக்கால் சட்டென்று வெளியே வந்த சிரிப்பு. உடனே திரும்பி, இவர்களில் யார் மார்லிஸ் என்று தேடினாள். பாப்கார்ன் பையின் அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தவளைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது.

“அப்புறம் பந்து என்ன ஆச்சு?” என்று கேட்டாள்.

நாங்கள் நால்வரும் கூரையைப் பார்த்தோம். இந்த முறை விதிக்காக மட்டும் அல்ல. நூறு தடவை கேட்ட கதையில் இந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. அம்மா கேட்டதில்லை. ஊரில் யாரும் கேட்டதில்லை. கோட்டில் ஒருத்தி நின்றாள், அதோடு எங்களுக்குக் கதை முடிந்துவிட்டது. பந்து எங்கே போனது என்று கவலைப்படப் பந்து பறிக்கிற இன்னொருத்தி வரவேண்டியிருந்தது.

லவான் டப்பாவின் மூடியை அழுத்தி அழுத்தி மூடினாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

“டெல்பர்ட்,” என்றாள் மார்லிஸ். உரக்கச் சொல்லவில்லை, ஆனால் அவள் பேசினால் எல்லோரும் அமைதியாகிவிடுவது வழக்கம். “யாராவது கேட்டாச் சொல்றதுக்கு உனக்குத் தெரிஞ்சிருக்கட்டும். முன்னாடி ஈ காக்கா இல்லைன்னு இவ சொல்றது பொய். இவ இருந்தா.”

“மார்லிஸ்,” என்றாள் லவான்.

“கோட்டுக்கு அந்தப் பக்கம், கூடைக்குக் கிட்ட, தனியா நின்னுக்கிட்டு இருந்தா. ஏன் அங்க நின்னா? எதிர் டீம் நம்ம கூடைக்கு வந்தப்போ நாங்க நாலு பேரும் தடுத்துக்கிட்டு இருக்கோம். இவ வரவே இல்ல. போடுறவ இல்லையா, கோட்டைத் தாண்டித் திரும்பி வரணும்னு இவளுக்கும் தோணல. நான் அந்தப் பக்கம் போகல, இவ இந்தப் பக்கம் வரல. ரெண்டு பேரும் ஒரே தப்பைத்தான் பண்ணினோம்.”

“அப்புறம்?” என்றார் டெல்பர்ட். அவர் என்னிடமோ கூரையிடமோ பேசவில்லை.

“நான் பந்தை இவகிட்ட கொடுத்தேன். நாலு வருஷமாக் கொடுத்த மாதிரியே. இவளைத் தடுக்க ஒருத்தியும் இல்ல. வாங்கினா, எறிஞ்சா, தவறவிட்டா.”

பின் வரிசையில் யாரோ பாப்கார்ன் புரையேறி இருமினார்கள்.

“பலகையில பட்டு வெளிய வந்துருச்சு,” என்றாள் லவான்.

“பலகையில படவே இல்ல.”

“கொஞ்சம் உரசிச்சு.”

“பேண்டு வாசிக்கிற பையன் மடியில போய் விழுந்துச்சு, லவான்.”

இப்போது வரிசை வரிசையாகச் சிரிப்பு போனது. லவான் சிரிக்கவில்லை. அவளுடைய அசையாத முடிக்குக் கீழே முகம் மெல்ல மெல்லச் சின்னப் பெண்ணின் முகமாக மாறுவதை நான் பார்த்தேன். மறந்துவிட்டிருந்தாள் என்று சொல்ல மாட்டேன். ஒரு கதையை நாற்பது வருஷம் அதே இடத்தில் வெட்டி நிறுத்தினால் வெட்டியவளுக்கே மீதி நினைவில் இல்லாமல் போகலாம். அப்படித்தான் இருந்தது அவள் பார்வை.

“ஏன்டி சொல்லல?” என்றாள். “ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே.”

“அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்ல நீ மூட்டை கட்டிக்கிட்டு ஊருக்குப் போறேன்னு அழுதுக்கிட்டு இருந்தே. ஞாபகம் இருக்கா? சாப்பிடவும் இல்ல. அப்புறம் யாரோ மேட்சைப் பத்திக் கேட்டாங்க. நான் நின்னதைச் சொன்னே. எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் சிரிச்சே. சிரிச்சுட்டு என் சாண்ட்விச்சைப் பிடுங்கித் தின்னே.” மார்லிஸ் பாப்கார்ன் பையை மடித்து நாற்காலிக்கு அடியில் வைத்தாள். “சரி, இருக்கட்டும்னு விட்டேன். நீ போயிருந்தா நான் யாருக்குப் பந்து கொடுக்கிறது?”

“அதுக்காக நாற்பது வருஷமா?”

“ஒரு வருஷத்துக்குத்தான் நினைச்சேன். கொஞ்சம் நீண்டு போச்சு.”

டீகன் இன்னும் எங்கள் பக்கம் பாதி திரும்பித்தான் உட்கார்ந்திருந்தாள். உதவிப் பயிற்சியாளர் அவளிடம் தரையில் ஏதோ காட்டிக்கொண்டிருந்தார். அவள் தலையாட்டினாள், பார்க்கவில்லை. டெல்பர்ட் என் காதில், “வந்துருவா இவ,” என்றார். “எழுதி வச்சுக்க.” நான் எழுதி வைத்துக்கொள்ளும் நிலையில் இல்லை. ஆளுக்கொரு பாதித் தரையில் வளர்ந்த இரண்டு பெண்களை, ஒருத்தி எறியாமலும் ஒருத்தி தடுக்காமலும், கோட்டின் இரண்டு பக்கமும் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளை மணி அடித்தது. ஆடுகிறவர்கள் உள்ளே போனார்கள். ரஸ்ஸல் கம்பியில்லாத மைக்கை எடுத்துக்கொண்டு தரையின் நடுவுக்கு வந்தார். பழைய ஆட்டக்காரிகள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்ல இறங்கி வந்தார்கள். ஒருத்தி கைத்தடியோடு. ஒருத்தி, டெக்சஸ்காரி, நீல நிற பூட்ஸ் போட்டுக்கொண்டு. அடுத்து லவானின் பெயரைச் சொன்னார்.

லவான் எழுந்திருக்கவில்லை.

“போ,” என்றார் டெல்பர்ட்.

“முட்டி வலிக்குது,” என்றாள் லவான்.

ரஸ்ஸல் இரண்டாம் முறை அழைத்தார். டெக்சஸ்காரி கீழேயிருந்து எங்கள் வரிசையைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் டப்பாவை லவான் மடியிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

மார்லிஸ் எழுந்தாள். கோட்டைக் கழற்றி நாற்காலியின் மேல் போட்டாள். உள்ளே வழக்கமான சாம்பல் நிற ஸ்வெட்டர்தான். “எந்திரி,” என்றாள். லவானின் முழங்கையைப் பிடித்தாள், தபால்பெட்டியை மூடுவதுபோல அழுத்தமாக, ஒரே ஒரு தடவை. இரண்டு பேரும் படியில் இறங்கினார்கள். முன்னால் மார்லிஸ், பின்னால் லவான். எப்போதும் லவான்தான் முன்னால் போவாள். கைதட்டல் எழுந்தது, பிறகு சட்டென்று குறைந்தது, ஏனென்றால் இறங்கி வருவது யார் என்று ஜனங்களுக்குப் புரிய ஆரம்பித்தது.

தரையின் விளிம்பில் மார்லிஸ் ஒரு நொடி நின்றாள். ஆனால் அவள் குனிந்து காலணியில் ஒட்டியிருந்த பாப்கார்னைத்தான் தட்டிவிட்டாள். பிறகு மரத்தின் மேல் கால் வைத்தாள்.

“அடுத்து வர்றது,” என்றார் ரஸ்ஸல் மைக்கில், வழக்கமான குரலில், “கோட்டுல நின்ன…”

மார்லிஸ் மற்றவர்கள் நின்ற இடத்துக்குப் போகவில்லை. ஓரத்தில் பந்துகள் அடுக்கியிருந்த வண்டிக்குப் போய் ஒரு பந்தை எடுத்தாள். இரண்டு தடவை தரையில் தட்டிப் பார்த்தாள். ஆறு பேர் ஆடிய அந்தப் பள்ளிக்கூடக் காலத்தில் அவர்களுக்கு அவ்வளவுதான் தட்ட அனுமதி. அதை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு வந்து, கட்டைவிரல் படாமல் நின்றாள். ரஸ்ஸல் வாக்கியத்தை முடிக்கவில்லை. மைக்கைக் கீழே இறக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் சும்மா நின்றார்.

யாரும் சொல்லாமலே லவான் கோட்டைத் தாண்டி நடந்து போனாள், கூடைக்குக் கிட்டே, வலப்பக்கமாக. போய்த் திரும்பி நின்ற பிறகுதான் எங்கே வந்து நிற்கிறோம் என்று தெரிந்ததுபோல் கீழே பார்த்தாள்.

மார்லிஸ் பந்தை எறிந்தாள். நெஞ்சிலிருந்து, நேராக, சுழலாமல். லவானின் கையில் போய் விழுந்த சத்தம் எங்கள் வரிசைவரை கேட்டது.

அப்போது என் பக்கத்தில் டெல்பர்ட், அடுத்த வாரம் மாற்றப் போகும் முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எழுந்து நின்றார். நின்று தட்ட ஆரம்பித்தார், ஆட்டத்தின் தொடக்கத்தில் தட்டும் அதே தாளத்தில். நான் எழுந்தேன். முன் வரிசையில் டீகன் எனக்கு முன்பே எழுந்துவிட்டிருந்தாள், அவள் அப்பாவையும் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். எப்போது உட்காரலாம் என்று இந்தத் தடவை அவளுக்குத் தெரியும். எங்களுக்குப் பின்னால், எதிரே, மேலே, கோட்டும் தொப்பியும் பாப்கார்னும் கையுமாக அரங்கம் மொத்தமும் எழுந்து நின்று தட்டியது.

லவான் பந்தை அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போலப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூடையைப் பார்த்தாள். மார்லிஸைப் பார்த்தாள். தலையை இல்லை என்பதுபோல் அசைத்தாள்.

மார்லிஸ் மெதுவாகத்தான் சொன்னாள். ரஸ்ஸல் அணைக்க மறந்த மைக் அதை வாங்கி அரங்கம் முழுக்கக் கொடுத்தது.

“போடேன், லவான். பாவம், எல்லாரும் நிக்கிறாங்க.”